வீடு கழுவும் கேசட்

சேலம் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கேசட் பதிவு செய்து கொடுக்கும் கடை இருந்தது. பிடித்த பாட்டுகளை நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தால் ஒரு வாரத்தில் வெற்றுக் கேசட்டில் ஏற்றித் தருவார்கள். நான் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்தேன். கடைக்காரர் மேலிருந்து கீழே படித்தார். மறுபடியும் ஒரு தடவை படித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, ஊட்டில் ஏதாவது துக்கமுங்களா என்று கேட்டார்.

எனக்குச் சுள்ளென்று வந்தது. வீடு துடைக்கும்போது கேட்பதற்கு என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு ரசீது போட்டுக் கொடுத்தார்.

துள்ளல் பாட்டைப் போட்டுக்கொண்டு வீடு துடைத்துப் பாருங்கள், மூலைகள் அப்படியே இருக்கும். கை பாட்டோடு ஓடிவிடும், அழுக்கு இருந்த இடத்திலேயே இருக்கும். சோகப் பாட்டு அப்படியல்ல. பாடுகிறவன் இழுத்து இழுத்துப் பாடினால் துணியும் இழுத்து இழுத்துத்தான் போகும். அரிசியில் கல் பொறுக்க, கம்பளி அலச, சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்க்க, எல்லாவற்றுக்கும் எனக்கு அதுதான். ஆரம்பத்தில் ஷெனாய் வேண்டும். யாராவது ஒருவரை யாராவது ஒருவர் விட்டுப் போயிருக்க வேண்டும். பன்னிரண்டில் நாலாவது பாட்டுக்கு நான் தவறாமல் அழுவேன். மனதில் துக்கம் ஒன்றும் கிடையாது. அழுதுகொண்டே செய்தால் வேலை நன்றாக நடக்கும், அவ்வளவுதான்.

நாங்கள் இருந்தது ஏற்காடு மலையில், நாகலூருக்கு மேலே ஒரு காப்பி எஸ்டேட்டில். என் கணவர் அங்கே ரைட்டர், கணக்கு எழுதுகிற வேலை. ரைட்டர் குவார்ட்டர்ஸ் சரிவின் உச்சியில் தனியாக நிற்கும். கீழே தொழிலாளர்களின் லைன் வீடுகள், அதற்கும் கீழே காப்பிக் காடு, ஊர், கோயில். கோயில் என்றால் மாதா கோயில், நாங்கள் வேதக்காரர்கள். வீட்டில் மூன்று பேர்: நான், கணவர், கணவரின் அக்கா. அவரை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணம் செய்துகொள்ளாதவர். மிஷன் பள்ளி ஹாஸ்டலில் இருபது வருஷம் சமையல் செய்து தம்பியை வளர்த்து ஆளாக்கியவர்.

அண்ணிக்கு என் கேசட் ஆகாது. ஹாஸ்டல் சமையல்கட்டில் வாய் திறக்கக் கூடாது என்பது சட்டமாம். அந்தப் பழக்கத்தில், வேலை செய்யும்போது வேலையின் சத்தத்தைத்தான் கேட்க வேண்டும் என்பார். குழம்பு கொதிப்பதைக் கேள், துணி பிழிவதைக் கேள். நான் டேப்பை அமுக்கினால், "காலங்காத்தால எளவு ஊடு மாதிரி" என்று முணுமுணுத்துக்கொண்டு, நான் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்களை எடுத்து மறுபடியும் கழுவுவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டுவேன்.

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு என்றால் முதலில் வந்து இறங்குவது ரேடியோ செட். குழாய் ஸ்பீக்கரை மரத்தில் கட்டி, என் கேசட்டில் இருக்கிற மாதிரிப் பாட்டுகளைத்தான் போடுவார்கள். மலையில் வீடுகள் எட்ட எட்ட இருக்கின்றன. ஆள் போய்ச் சொல்வதற்கு முன்னால் பாட்டு போய்ச் சொல்லிவிடும். கரடியூர்ப் பக்கம் ஷெனாய் கேட்டால் நாகலூரில் மாலை வாங்கக் கிளம்பிவிடுவார்கள். யார் போனது என்பதை வழியில் விசாரித்துக்கொள்வார்கள். இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும் உறைக்கவில்லை.

அந்த வருஷம் மழை முடிகிற நேரத்தில் அண்ணி நெஞ்சுச் சளியும் காய்ச்சலுமாகப் படுத்தார். காய்ச்சல் பத்து நாளில் விட்டுவிட்டது. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை. முன்னறைக் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர் படுத்தவர்தான். டாக்டர் வந்து பார்த்தார். உடம்பில் இனி ஒன்றும் இல்லை, அவர்களாக எழுந்து நடக்க வேண்டும், இப்படியே கிடந்தால் மறுபடி சளி கட்டும், அப்புறம் தன் கையில் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். என் கணவர் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். நான் கஞ்சியோடு நின்றேன். மூன்று வாய்க்கு மேல் இறங்காது. நாற்பது நாள். துடைத்துவிடுவது, புரட்டிப் படுக்க வைப்பது, துணி மாற்றுவது எல்லாம் நான்தான். அந்த நாற்பது நாளும் டேப்பைத் தொடவில்லை. அந்த அளவுக்கு அறிவு எனக்கும் இருந்தது.

இடையில் ஒரு நாள் குழாயடியில், லைனில் குடியிருக்கும் மேஸ்திரியின் சம்சாரம் அண்ணியைப் பற்றி விசாரித்தார். எனக்குத் தூக்கம் போய், இடுப்பும் விட்டுப்போயிருந்த சமயம். ஒன்று அவர் எந்திரிக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆண்டவர் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும், இப்படிக் கிடந்தால் யாருக்குங்க நல்லது என்று சொல்லிவிட்டேன். அவர் உச்சுக் கொட்டினார். நான் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். சொன்னது அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

மூன்று வாரமாக மூடிக் கிடந்த பனி ஒரு நாள் காலையில் விலகி, பளீரென்று வெயில் அடித்தது. மலையில் அப்படி ஒரு வெயிலைக் கண்டால் வீட்டுப் பெண்களுக்குப் பித்துப் பிடித்துவிடும். கணவர் மருந்து வாங்கக் காலை பஸ்ஸில் ஏற்காட்டுக்குப் போயிருந்தார். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டேன். கட்டில் மெத்தையை வெயிலில் போட வேண்டும் என்பதற்காக, அண்ணியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பின்னால் காப்பி மூட்டை வைக்கும் அறையில் பாய் விரித்துப் படுக்க வைத்தேன். நான் ஒருத்தியாகவே தூக்க முடிந்தது. அந்த உடம்பில் கனமே இல்லை. எனக்குத் திக்கென்றது. ஆனால் வெயில் போய்விடுமே என்ற கவலைதான் பெரிதாக இருந்தது.

மெத்தையைக் கல் மதில்மேல் விரித்தேன். அண்ணியின் சேலைகளைத் துவைத்துக் கொடியில் போட்டேன். அவர் கட்டுவது வெள்ளை. எஸ்டேட் ஆட்கள் வந்தால் உட்காருவதற்காக முன்னறையில் இரண்டு நீள பெஞ்சு கிடக்கும். தரையைக் கழுவ வேண்டுமே என்று அவற்றை வாசலில் கொண்டுபோய்ப் போட்டேன். பிறகு, நாற்பது நாள் போதும் என்று தோன்றியது. அண்ணி பின்னறையில், கதவும் சாத்தியாயிற்று. டேப் ரிக்கார்டரை முன் ஜன்னலில் வாசலைப் பார்க்க வைத்து, தண்ணீர்ச் சத்தத்தை மீறிக் கேட்கும்படி வைத்தேன்.

இப்போது கீழே லைனில் இருந்து பாருங்கள். ரைட்டர் வீட்டு வாசலில் இரண்டு பெஞ்சு. மதில்மேல் நோயாளியின் மெத்தை. கொடியில் வெள்ளைச் சேலைகள். கதவு அகலத் திறந்து கிடக்கிறது, முன்னறைக் கட்டில் காலி. சரிவு முழுக்க ஷெனாய். ரைட்டர் சம்சாரம் வீடெல்லாம் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டு அழுகிறாள். ஏனென்றால் நாலாவது பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. மேஸ்திரியின் சம்சாரம் பாதை வளைவில் நின்று இத்தனையையும் பார்த்துவிட்டு, மாரில் அடித்துக்கொண்டு திரும்பி ஓடியிருக்கிறார். நான் அவரைப் பார்க்கவில்லை. கம்பளியிலிருந்து கறுப்பாக இறங்குகிற தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கோயில் மணி அடித்தது. ஒரு அடி, இடைவெளி, மறுபடி ஒரு அடி. துக்க மணி. நான் டேப்பை நிறுத்தினேன். பின்னறையிலிருந்து அண்ணி கூப்பிட்டார். யாருக்கு மணி என்று கேட்டார். தெரியவில்லை, தலைச்சோலைப் பெரியவராக இருக்கும், அவர்தான் நாளை எண்ணிக்கொண்டிருந்தார் என்றேன்.

"குடுத்து வச்ச மனுசன்" என்றார் அண்ணி. பல நாளுக்குப் பிறகு அவர் சேர்ந்தாற்போலச் சொன்னது அந்த மூன்று வார்த்தைதான். ஜெபமாலையை எடுத்துத் தரச் சொன்னார். நானும் ஈரச் சேலையோடு முழங்காலிட்டேன். போன ஆத்துமாவுக்காக இரண்டு பேரும் மாலையில் பத்து மணி உருட்டி ஜெபம் சொன்னோம். முடித்துவிட்டு நான் வாசலுக்குப் போய்க் கேசட்டைத் திருப்பிப் போட்டேன்.

கம்பளியைப் பிழிந்துகொண்டிருந்தபோது பாதையில் ஆட்கள் ஏறி வருவது தெரிந்தது. களை எடுக்கப் போன பெண்கள் கொத்தோடும் கூடையோடும் வந்தார்கள். முன்னால் வந்த ஒருவர் கையில் மாலை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு வந்தார்கள். எனக்குக் கை நின்றுவிட்டது. என்னங்க ஆச்சு என்று கேட்டேன். முதலில் வந்தவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, என்னத்தைச் சொல்வது என்று ஓவென்று அழுதார். அடுத்தவரும் வந்து கட்டிக்கொண்டார். எனக்குத் தெரிந்திருக்கும் என்று அவர்கள் நினைத்தார்கள். எனக்குச் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நான் நினைத்தேன்.

காலையில் போன பஸ் கண்முன் வந்தது. பள்ளத்தை ஒட்டின வளைவுகள் ஒவ்வொன்றாக வந்தன. என் கணவர் போட்டுக்கொண்டு போன நீலச் சட்டை வந்தது. துக்க மணி அவருக்கு அடித்ததுதான், நான் அதற்கு ஜெபம் சொல்லிவிட்டு வந்து பாட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறேன் என்று புரிந்தது. நான் கத்தினேன். அப்படி ஒரு சத்தம் என் தொண்டையில் இருக்கிறது என்று எனக்கே தெரியாது. இன்று இதை எழுதும்போதும் உடம்பு தூக்கிவாரிப் போடுகிறது. ஈரத் தரையில் விழுந்தேன், தலையில் அடித்துக்கொண்டேன். டேப் தன் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் மேஸ்திரியின் சம்சாரம் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, முதுகைத் தடவிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அழுவாதீங்க. நீங்க குழாயடியில கேட்டீங்களே, அத ஆண்டவரு குடுத்துட்டாரு. படுக்கையில இழுத்துக்கிட்டுக் கெடந்தவங்க போய்ச் சேந்துட்டாங்க. இனி உங்களுக்கும் விடிஞ்சுதுங்க."

முதலில் தோன்றியதைச் சொல்லிவிடுகிறேன், மறைத்து என்ன பயன்: என் கணவர் சாகவில்லை, அவர் சாகவில்லை என்று வயிற்றில் பால் வார்த்தது. அதற்கப்புறம்தான் மற்றது இடித்தது. அண்ணி செத்துவிட்டதாக நினைத்து வந்திருக்கிறார்கள். நான் அதைக் கேட்டு வாங்கியதாக நினைக்கிறார்கள். நான் கேட்டேன் என்பது பொய்யும் இல்லை. அண்ணி படுத்திருக்கும் அறை இந்தச் சுவருக்குப் பின்னால்தான் இருக்கிறது.

வாய் திறப்பதற்குள் கூட்டத்தில் ஒரு பெண் வீல் என்று கத்தினார். மாலை கொண்டுவந்தவர் மாலையைப் போட்டுவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார். இரண்டு பேர் வந்த வழியே ஓடினார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அண்ணி நின்றார்.

நாற்பது நாளாகக் கால் தரையில் படாத மனுஷி. தலைமயிர் அவிழ்ந்து, கையில் ஜெபமாலையோடு, கழுவின தரையில் ஒவ்வொரு அடியாக வைத்து வந்தார். யாரும் பிடிக்கப் போகவில்லை, எல்லாரும் பேயைப் பார்த்ததுபோல நின்றார்கள். அவர் யாரையும் பார்க்கவில்லை. நேராக என்னிடம் வந்து, குனிந்து என் தோளைப் பிடித்து, "என்ன கண்ணு, என்ன ஆச்சு, தம்பிக்கு என்ன?" என்று கேட்டார்.

நான் ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்றேன். அவர் மெல்ல நிமிர்ந்தார். மதில்மேல் மெத்தையைப் பார்த்தார். கொடியைப் பார்த்தார், பெஞ்சுகளைப் பார்த்தார், கீழே கிடந்த மாலையைப் பார்த்தார். ஜன்னலில் பாடிக்கொண்டிருந்த டேப்பையும் பார்த்தார். அங்கே நின்றவர்களில் முதலில் விஷயம் புரிந்தது அவருக்குத்தான். "மணி எனக்கா?" என்று கேட்டார். மேஸ்திரியின் சம்சாரம் தலையைக் குனிந்துகொண்டார். அண்ணி பெஞ்சில் உட்கார்ந்தார். வந்தவர்களுக்குக் காப்பி போடச் சொன்னார்.

நான் அடுப்படியில் நின்று காப்பி போட்டேன். அவர் காதில் விழுந்ததா இல்லையா என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. டேப்பை யார் நிறுத்தினார்கள் என்று தெரியாது.

மதியம் என் கணவர் நாகலூரில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் பாய் கடையில் துக்கத்துக்கு அடைத்ததுபோல ஒரு பலகைதான் திறந்திருந்திருக்கிறது. எங்களுக்கு மளிகை கொடுக்கும் பாய், வெளியே வந்து இவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றிருக்கிறார். மருந்துப் பையை அங்கேயே போட்டுவிட்டு இவர் மேட்டில் ஓடி வந்தார். வாசலில் அக்கா பெஞ்சில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் அழுததுபோல ஒரு ஆண்பிள்ளை அழுது நான் பார்த்ததில்லை. மருந்து எங்கே என்று அண்ணி அவரைத் திட்டினார்.

சாயங்காலம் வெயில் காய்ந்த மெத்தையில் அண்ணியைப் படுக்க வைத்துக் கஞ்சி கொடுத்தேன். ஒரு கிண்ணம் முழுக்கக் குடித்தார். சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. கிண்ணத்தை வாங்க நான் கையை நீட்டியபோது அதைக் கொடுக்காமல் பிடித்துக்கொண்டார்.

"குழாயடியில நீ சொன்னத அவங்க சொன்னப்ப என் காதுலயும் உழுந்துச்சு கண்ணு."

நான் கிண்ணத்தை விட்டுவிட்டேன்.

"நீ ஒருத்திதான் கேட்டேன்னு நெனைக்காத. நாப்பது நாளா சொவத்தப் பாத்துக்கிட்டு நானும் அதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தேன். ரெண்டு பேரு கேட்டும் குடுக்கல பாரு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பகல் முழுக்க எத்தனையோ அதிர்ச்சி, இதுதான் என்னை உட்கார வைத்தது. நாற்பது நாள் மூன்றடி தூரத்தில் கஞ்சியோடு நின்றிருக்கிறேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு என்ன கேட்கிறார் என்று ஒரு நாள் கேட்டதில்லை. அப்புறம் எதற்கு எழுந்து வந்தீர்கள் என்று கேட்டேன். நீ கத்தின கத்தலுக்கு எவள் படுத்திருப்பாள் என்றார்.

அதற்கப்புறம் அவர் ஒன்பது வருஷம் இருந்தார். நான் கழுவிய பாத்திரத்தை மறுபடி கழுவும் வழக்கம் போகவில்லை, எங்கள் சண்டையும் போகவில்லை. ஆனால் நான் வீடு கழுவும் நாளில் பெஞ்சில் உட்கார்ந்து அரிசி பொறுக்கிக்கொண்டே, ஒரு பக்கம் முடிந்ததும் திருப்பிப் போடச் சொல்வார். ஊரும் பழகிவிட்டது. மேலே ஷெனாய் கேட்டால், ரைட்டர் ஊட்டில் இன்று கழுவுகிறார்கள் என்று சிரித்துக்கொண்டு களை எடுப்பார்கள். தான் போனால் ரேடியோ செட் வேண்டாம், இந்தக் கேசட்டையே போடு என்று அண்ணி இரண்டு தடவை என்னிடம் சொல்லியிருந்தார். நான் இரண்டு தடவையும் எரிந்து விழுந்தேன்.

அவர் போனது ஒரு காலை வேளை. காப்பித் தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுச் சாய்ந்தார், அவ்வளவுதான். கணவர் சாமியாரிடம் சொல்லக் கோயிலுக்கு ஓடினார். நான் அண்ணியைப் பின்னறைப் பாயில் கிடத்திவிட்டு முன்னறையைக் கழுவினேன். பெஞ்சுகளை வாசலில் போட்டேன், மெத்தையை எடுத்து மதில்மேல் போட்டேன், டேப்பை ஜன்னலில் வைத்து முழுச் சத்தத்தில் அமுக்கினேன். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் முடிந்தன. கோயில் மணி இன்னும் அடித்திருக்கவில்லை, பாதையில் ஒருவரும் ஏறி வரவில்லை.

நாலாவது பாட்டு ஓடிக்கொண்டிருந்தபோது மேஸ்திரியின் சம்சாரம் விறகுக் கட்டோடு வளைவில் வந்தார். நான் வாசலில் நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை, அந்தப் பாட்டுக்கு முதல் தடவையாக வரவில்லை.

"ஏனுங்க, ஊடு கழுவறீங்களாட்ட இருக்குது. வெயிலு நல்லா அடிக்குதுங்க" என்றார்.

வாயைத் திறந்தேன். ஆமாங்க என்பதுதான் வந்தது. அவர் தலையை ஆட்டிவிட்டு லைனுக்கு இறங்கிப் போனார்.